சுவரிலிருந்து கையை எடு

யாராவது என்னைப் பார்த்து "ஒக்காரு" என்று சொன்னால் எனக்கு இன்றைக்கும் சுள்ளென்று கோபம் வரும். ஐம்பதை நெருங்குகிறேன், இன்னும் அந்தப் புத்தி போகவில்லை. சொல்கிறவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள், எனக்கும் தெரியும். தெரிந்து என்ன பண்ண?

மூன்று வயதில் வந்த போலியோ என் வலது காலைச் சூம்ப வைத்துவிட்டுப் போனது. அன்றிலிருந்து எங்கள் பேட்டையான ஸ்ரீராம்புரமே சேர்ந்து என்னை உட்கார வைக்கும் வேலையில் இறங்கிவிட்டது. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு பீரியட் வந்தால் டீச்சர் கன்னடத்தில் "நீனு கூத்கோ" என்பார். பக்கத்து வீட்டு உருதுக்கார அம்மாள் என் தலையைக் கண்டதும் ஸ்டூலைத் துப்பட்டாவால் துடைத்து "பைட்டோ பேட்டி" என்பார். கல்யாண வீட்டில் பந்தி பரிமாறக் கையில் வாளியை எடுத்தால் போதும், நாலு பேர் ஓடி வந்து பிடுங்கிக்கொண்டு "நீ ஒக்காரும்மா" என்பார்கள். மூன்று பாஷையிலும் நான் முதலில் கற்றுக்கொண்ட வார்த்தை அதுதான் என்று நினைக்கிறேன்.

நானோ ஓரிடத்தில் உட்கார முடியாத பிறவி. கடைக்குப் போக, குழாயடிக்குப் போக, ஒன்றுமில்லாவிட்டால் சந்து முனைவரை போய்த் திரும்ப, ஏதாவது ஒரு சாக்கு வேண்டும். "மத்தவங்க கால்ல சக்கரத்த கட்டிக்கினு சுத்துவாங்க, நீ இரும்ப கட்டிக்கினு சுத்துறியேடி" என்பாள் அம்மா.

அந்த இரும்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். காலிப்பர் என்று பெயர். தொடையிலிருந்து பாதம்வரை இரண்டு பக்கமும் கம்பி, நடுநடுவே தோல் பட்டை, அடியில் கம்பிகளோடு சேர்த்து ஆணியடித்த கறுப்பு பூட்ஸ். வலது கால் குட்டை என்பதால் பூட்ஸின் அடியில் ஒன்றரை அங்குலத்துக்குத் தக்கை வைத்து உயர்த்தியிருக்கும். முட்டிக்கு நேராக ஒரு பூட்டு. எழுந்து நின்றால் அது தானாக விழுந்து காலை விறைப்பாக்கிவிடும். உட்கார வேண்டுமென்றால் கையால் தூக்கிவிட வேண்டும். அப்போது 'டக்' என்று ஒரு சத்தம் வரும். பஸ்ஸானாலும் கோயிலானாலும் அந்தச் சத்தத்துக்கு அத்தனை தலையும் திரும்பும். எனக்கு உடம்பே கூசிப்போகும். அதனால் ஒரு பழக்கம் வைத்திருந்தேன். பூட்டைத் தூக்கும்போது பெரிதாக ஓர் இருமல் இருமுவேன். என்னை நெஞ்சுக்கோளாறுக்காரி என்று எத்தனை பேர் நினைத்தார்களோ.

அப்பா நான் ஏழாவது படிக்கும்போதே போய்விட்டார். அம்மா கார்ப்பரேஷனில் தெரு கூட்டுகிறவள். விடியுமுன் துடைப்பத்தோடு கிளம்பிவிடுவாள். அவளுக்கு என்னைக் குறித்து ஒரே ஒரு கனவுதான் இருந்தது: எஸ்.டி.டி. பூத். தொண்ணூறுகளில் கால் ஊனமானவர்களுக்கு அதைக் கொடுப்பார்கள். மஞ்சள் போர்டு, கண்ணாடிக் கூண்டு, உள்ளே ஒரு டெலிபோன், ஒரு நாற்காலி. யாரையெல்லாமோ பார்த்துக் கெஞ்சி மனு ஃபாரம் வாங்கிவந்து, பூர்த்திசெய்து, என் கையெழுத்துக்காகச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாள். "ஒக்காந்த எடத்துல சோறு வரும்டி. மழையில்ல, வெயிலில்ல" என்பாள். எனக்கோ அந்தக் கூண்டை நினைத்தாலே மூச்சு முட்டியது. ஊரெல்லாம் வந்து யார் யாரிடமோ பேசிவிட்டுக் கிளம்பிப் போகும், நான் மட்டும் சாகும்வரை உள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும். என்னால் ஆகாது என்று கத்திவிட்டு, ரேடியோ டிவி ரிப்பேர் கோர்ஸில் போய்ச் சேர்ந்தேன். அங்கேதான் ஈயத்தை உருக்கிக் கம்பிகளை ஒட்டும் சால்டரிங் பழகினேன். கை நன்றாக வந்தது. பெருமைக்குச் சொல்லவில்லை, வகுப்பில் வேறு யாருக்கும் அப்படி வரவில்லை.

ஊருக்கு வெளியே பொம்மசந்திராவில் டெலிபோனுக்கான போர்டுகள் செய்கிற ஒரு கம்பெனியில் பெண்களை எடுக்கிறார்கள் என்று தெரிந்து எழுதிப் போட்டேன். கூப்பிட்டார்கள். டெஸ்ட் ஒன்பது மணிக்கு. நான் எட்டுக்கே போய், காலியாக இருந்த ஹாலில் கடைசி மேஜையைப் பிடித்து, ஓர் இருமல் இருமிவிட்டு உட்கார்ந்துகொண்டேன். பைஜாமா தொளதொளவென்று தைத்தது, தரைவரைக்கும் இறங்கியது. லைன் சூப்பர்வைசர் மேடம் கையில் பூதக்கண்ணாடியோடு ஒவ்வொரு மேஜையாக வந்தார். கன்னடக்காரர், ஆனால் தமிழும் நன்றாகப் பேசுவார். நான் சால்டர் பண்ணிய போர்டைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பரவால்லியே. கை சுத்தமா இருக்கு" என்றார்.

கையைத்தான் பார்த்தார். முடிந்ததும் எல்லோரும் எழுந்து போனார்கள், நான் பையில் எதையோ தேடுகிறவள்போலக் கடைசி ஆள் போகும்வரை குனிந்தே இருந்தேன். பொய் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஏமாற்றினேன், அது நிஜம். வாழ்க்கை முழுக்க ஒக்காரு ஒக்காரு என்றார்களே, ஒரு நாள் அந்த உட்காருதலை உருப்படியாகப் பயன்படுத்திக்கொண்டேன், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பத்து நாளில் வேலைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது.

திங்கட்கிழமை காலை மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி, ஓசூர் ரோடு லாரிகளின் புகையெல்லாம் குடித்து, போய்ச் சேர்ந்தேன். ஹாலுக்கு வெளியே ஒரு நீளமான வராந்தா. வேலைக்கு வரும் பெண்கள் அங்கே தங்கள் செருப்பைக் கழற்றி அடுக்கில் வைத்துவிட்டு, கம்பெனி கொடுக்கும் நீலச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்கள். பிறகு கதவருகே தரையில் பதித்திருந்த ஓர் உலோகத் தகட்டில் ஒற்றைக் காலால் நின்று, சுவரிலிருந்த பெட்டியின் பொத்தானில் விரலை வைத்தார்கள். பச்சை விளக்கு எரிந்தால் அடுத்த கால். இரண்டுக்கும் பச்சை வந்தால் உள்ளே போகலாம். நம் உடம்பிலேயே கொஞ்சம் மின்சாரம் சேருமாம், அது விரல்வழியே போர்டில் பாய்ந்தால் கண்ணுக்குத் தெரியாமல் அதைக் கெடுத்துவிடுமாம். அந்தச் செருப்பின் கறுப்பு அடிப்பாகம் அதைத் தரைக்குள் இறக்கிவிடும். இதெல்லாம் கோர்ஸில் ஒரு வரி சொல்லியிருந்தார்கள். செருப்பு மாற்ற வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

பைஜாமாவைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"ஷூ கழட்டும்மா" என்றார் சூப்பர்வைசர் மேடம்.

"இத கழட்ட முடியாது மேடம்."

"யாக்கே? எல்லாரும் கழட்டறாங்க இல்ல?"

பைஜாமாவை முட்டிவரை தூக்கிக் காட்டினேன். அவர் கம்பியைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார்.

"அன்னிக்கி டெஸ்டுல ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலியே மேடம். கையத்தானே பாத்தீங்க?"

பின்னால் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "உனக்கு வாய் ஜாஸ்தி" என்றார் மேடம். கோபமாகத்தான் சொன்னார். ரெஜிஸ்டரைப் புரட்டினார். "ரூல் நான் போட்டதில்ல. ஒரு போர்டு கெட்டா கஸ்டமர் மொத்த லாட்டையும் திருப்பி அனுப்புவான். சனிக்கிழமை வரைக்கும் உன் சீட்ட வெச்சிருக்கேன். தரையில படறது கம்பெனி செருப்பா இருக்கணும். ரெண்டு காலுக்கும் பச்சை வரணும். வரலேன்னா லிஸ்ட்ல அடுத்த பொண்ணு. இப்போதைக்கு அங்க ஒக்காரு."

அவர் காட்டிய பெஞ்சில் நான் உட்காரவில்லை. ஒரு ஜோடி நீலச் செருப்பு கேட்டேன். வார் அறுந்து ஒதுக்கிவைத்த ஒன்றை எடுத்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னதுதான் தாமதம், சாமி படத்துக்குப் பின்னாலிருந்து ஃபாரத்தை எடுத்துவிட்டாள். "விடுடி. நமக்கு எதுக்கு அவ்ளோ தூரம்? பேசாம ஒக்காந்து..." என்று ஆரம்பித்தாள். அந்த வார்த்தையை மட்டும் சொல்லாதே என்று கத்தினேன். கத்திவிட்டு, என் வாயாலேயே ஒரு வாக்கும் கொடுத்துத் தொலைத்தேன். சனிக்கிழமை பச்சை வராவிட்டால் ஃபாரத்தில் கையெழுத்துப் போடுகிறேன், அப்புறம் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசமாட்டேன். அம்மா ஃபாரத்தைத் திரும்ப அதே இடத்தில் வைத்தாள்.

காலிப்பர் செய்து கொடுக்கும் இடத்துக்குப் போனால், அளவெடுக்கவே அடுத்த மாதம்தான் முடியும் என்றார்கள். அடுத்த மாதம் யாருக்கு வேண்டும்? செவ்வாய்க்கிழமை எங்கள் மார்க்கெட் முனையில் குடையின்கீழ் கடை போட்டிருந்த செருப்பு தைப்பவரிடம் போனேன். பூட்ஸின் அடியைப் பிரித்து, அங்கே நீலச் செருப்பின் அடியை ஒட்டித் தைக்க வேண்டும் என்றேன்.

"நான் செருப்பு தெக்கிறவம்மா. காலு தெக்கிறவன் இல்ல" என்றார்.

"நீ செருப்பத் தைண்ணே. கால நான் பாத்துக்கறேன்."

முனகிக்கொண்டே வாங்கினார். பூட்ஸைக் கழற்ற வேண்டுமானால் காலிப்பரையே கழற்ற வேண்டும். கழற்றிக் கொடுத்துவிட்டு அவருடைய சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்தேன். எழ முடியாது, நகர முடியாது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை "ஆச்சா? ஆச்சாண்ணே?" என்று அவர் உயிரை எடுத்தேன்.

"சும்மா தொணதொணன்னு. போய் ஒரு டீ குடிச்சிட்டு வாயேம்மா" என்றார்.

"என் காலு உன் கையில கீது. நான் எப்படிப் போறது?"

அவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு அவரே டீ சொன்னார்.

புதன்கிழமை அந்தப் பூட்ஸோடு தகட்டில் நின்றேன். இடது காலுக்குப் பச்சை. இடது காலைத் தூக்கிய அந்த ஒரு நொடிக்குள் வலது காலுக்குச் சிவப்பு, கூடவே 'கீ' என்று ஒரு சத்தம். மேடம் உதட்டைப் பிதுக்கினார். "ஆகல்ல" என்றார். பஸ்ஸில் திரும்பும்போது என்னையே திட்டிக்கொண்டு வந்தேன், மடச்சி மடச்சி என்று. நடுவில் ஒன்றரை அங்குலத் தக்கை இருக்கிறதே! தக்கைக்குள் கரண்ட் எப்படிப் போகும்? ரேடியோ ரிப்பேர் படித்தவளுக்கு இது தெரிய வேண்டாமா?

வியாழக்கிழமை என் சால்டரிங் அயர்னைச் சூடாக்கி, பூட்ஸின் உள்ளிருந்து தக்கையைத் துளைத்து ஓட்டை போட்டேன். தக்கை கருகி வீடெல்லாம் நாற்றம். "வூட்ட கொளுத்திடாதடி" என்று அம்மா வாசலிலிருந்து கத்தினாள். சால்டரை உறிஞ்சி எடுக்கப் பயன்படும் செம்புக் கம்பிப் பின்னல் என்னிடம் ஒரு சுருள் இருந்தது. அதை உள்ளங்கால் படும் இடத்தில் பரப்பி, ஓட்டைவழியே கீழே இறக்கி, நீலச் செருப்பின் அடிப்பாகத்தோடு சேர்த்தேன். மீட்டரை வைத்துப் பார்த்தேன். முள் நகர்ந்தது, கரண்ட் போகிறது. எனக்கு எழுந்து ஓட வேண்டும்போல இருந்தது, அதனால் ஒரு காரணமும் இல்லாமல் சந்து முனைவரை போய்விட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை வலது காலில் மேஜோடு இல்லாமல் பூட்ஸை மாட்டிக்கொண்டு போனேன். தகட்டில் வலது காலை வைத்தேன். பொத்தானில் விரல், இடது காலைத் தூக்கினேன். பச்சை! பச்சை எரிந்தது!

"சுவத்துலேர்ந்து கைய எடு" என்றார் மேடம்.

அப்போதுதான் கவனித்தேன். என் இடது கை தன்பாட்டுக்குப் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தது. எடுத்தேன். எடுத்த மாத்திரத்தில் உடம்பு சாய்ந்து, பூட்ஸ் ஒருக்களித்து, சிவப்பு வந்து, இடது காலைக் கீழே ஊன்றிவிட்டேன். மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் அதேதான். பின்னால் நின்றவர்கள் பெருமூச்சு விட ஆரம்பித்துவிட்டார்கள்.

"சுவத்த புடிச்சா கரண்ட் அந்த வழியா போய்டும். மெஷின் ஏமாந்து பச்சை காட்டும்" என்றார் மேடம். அப்புறம் குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, "என்னை ஒரு தடவ ஏமாத்தின, சரி. அத ஏமாத்தாத. நாளைக்கு கடைசி" என்றார். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. கோபம் இல்லை அது. அவர் சொன்னது சரி.

ஊரெல்லாம் எனக்கு உட்காரச் சொல்லிக்கொடுத்ததே தவிர, அந்தக் காலில் நிற்க யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. காலிப்பர் போட்ட நாளிலிருந்து நான் நின்றதெல்லாம் இடது காலில்தான். வலது காலை வெறுமனே பக்கத்தில் வைத்திருந்தேன், அவ்வளவுதான். பாரத்தை அதன்மேல் போடாதே, அதை நம்பாதே என்பதே பழக்கமாகிவிட்டது. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல், அறை நடுவில் வலது காலில் நின்று இடது காலைத் தூக்கினேன். தண்ணீர்க் குடத்தின்மேல் போய் விழுந்தேன். எழுந்தேன், மறுபடி விழுந்தேன். செம்புக் கம்பி உராய்ந்து குதிகால் புண்ணாகி, தோலெல்லாம் பச்சையாகக் கறை பிடித்திருந்தது.

"போதும், ஒக்காருடி!" என்று அம்மா அலறினாள்.

"ஒக்கார மாட்டேன்! அந்தக் கூண்டுல போட்டு என்னப் பூட்டிடு, அப்புறம் ஒக்கார்றேன்!" என்று நானும் அலறினேன். அழுகையும் வந்துவிட்டது. அவளும் அழுதாள். "நான் செத்தா உன்ன யாருடி பாத்துப்பா? அதுக்குத்தானடி கேட்டேன்" என்றாள். அந்த ஒரு வரியை அவள் அதுவரை சொன்னதே இல்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் எழுந்து நின்றேன்.

அம்மா குடங்களை எடுத்து வாசலில் வைத்தாள். ஸ்டவ்வை நகர்த்தினாள், பாயைச் சுருட்டினாள். அறை காலியானதும் என் எதிரே வந்து, தொடாமல், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள்.

"எத்தன எண்ணணும்?"

"மூணு."

ஒண்ணு என்பதற்குள் அவள்மேல் விழுந்தேன். அவள் என்னை நிமிர்த்தி நிறுத்திவிட்டு மறுபடி விலகிக்கொண்டாள். எத்தனை முறை என்று கணக்கில்லை. இடுப்பைக் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி, பாரம் முழுவதையும் அந்தக் கம்பிகள்மேல் இறக்கினால் பூட்ஸ் ஒருக்களிக்கவில்லை என்று மெல்லப் பிடிபட்டது. பயப்பட்டுப் பாதியை வைத்தால்தான் சாய்ந்தது. ஒரே ஒரு தடவை அம்மா மூன்று என்று சொல்லி முடிக்கும்வரை நின்றேன். ஒரே தடவைதான். அதன்பின் எவ்வளவு முயன்றும் வரவில்லை.

"ஒரு தபா நின்ன காலு இன்னொரு தபா நிக்காதா?" என்றாள் அம்மா. சோறு போடப் போய்விட்டாள்.

சனிக்கிழமை வரிசையில் எனக்குமுன் ஐந்தாறு பேர். எனக்கு நிற்க முடியவில்லை. காலால் அல்ல, மனதால். ஓடிவிடலாமா என்று இருந்தது. அந்தக் கண்ணாடிக் கூண்டும் மஞ்சள் போர்டும் கண்முன்னாலேயே நின்றன. என் முறை வந்தது. இடது கால், பச்சை. தகட்டில் வலது காலை வைத்தேன். பொத்தானில் ஒற்றை விரல். இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன், அது தன்பாட்டுக்குப் போகாமலிருக்க. இடது காலைத் தூக்கினேன்.

சிவப்பு. 'கீ.'

"இறங்கும்மா" என்றார் மேடம். மெதுவாகச் சொன்னார்.

"இருங்க மேடம்."

இறங்கவில்லை. இடது கால் இன்னும் அந்தரத்தில்தான் இருந்தது. நான் விழவில்லை, பாதிப் பாரத்தைத்தான் கொடுத்திருக்கிறேன், அதுதான் விஷயம். இடுப்பைத் தள்ளினேன். விழுந்தால் விழட்டும் என்று உடம்பு மொத்தத்தையும் அந்தச் சூம்பிப்போன காலின்மேல் போட்டேன். புண்ணில் கம்பி அழுந்தி உயிர் போயிற்று. ஒண்ணு, ரெண்டு என்று அம்மா எண்ணுவது காதுக்குள் கேட்டது.

பச்சை.

அது அணையவில்லை. நானும் காலைக் கீழே வைக்கவில்லை. மேடம் விளக்கைப் பார்த்தார், என் முதுகுக்குப் பின்னாலிருந்த கையைப் பார்த்தார், ரெஜிஸ்டரைத் திறந்து ஏதோ எழுதினார். "சாக்கும்மா, போதும், காலக் கீழ வை" என்றார். பிறகு கதவைத் திறந்துவிட்டு, "ஹோகு, உள்ள போ. மூணாவது சீட்டு. கூத்கோ" என்றார்.

அந்த வார்த்தைக்கு எனக்குக் கோபம் வராத ஒரே நாள் அதுதான். அத்தனை வருடத்தில் வேலை செய்வதற்காக என்னை உட்காரச் சொன்னது அவர் ஒருவர்தான்.

உள்ளே போனேன். வரிசை வரிசையாகப் பெண்கள் குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள், பேச்சே இல்லை, அவ்வளவு அமைதி. மூன்றாவது சீட்டின் அருகே நின்று முட்டிப் பூட்டில் கையை வைத்தேன். பழக்கதோஷத்தில் தொண்டை இருமுவதற்குத் தயாரானது. வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டு பூட்டைத் தூக்கினேன்.

டக்.

அத்தனை தலையும் திரும்பியது. திரும்பட்டும் என்று உட்கார்ந்து, அயர்னைக் கையில் எடுத்தேன்.